மாதுளைக்கு ஜாமீன்

விராலிமலையில் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று பாறை, இன்னொன்று மயில். மலையடிவாரத் தெருவில் எந்த வீட்டுப் பின்புறத்தில் மண்வெட்டியைப் போட்டாலும் ஒரு முழம் இறங்குவதற்குள் 'ணங்' என்று சத்தம் கேட்கும். அதற்குக் கீழே ஊர் முழுக்க ஒரே கல்தான். மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கத்தரி நாற்று இரண்டு இலை விட்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். முருகனுடைய வாகனமாயிற்றே, கல்லெடுத்து எறிய முடியுமா? "சாமி, அங்கிட்டுப் போ சாமி" என்று கும்பிட்டுத்தான் விரட்ட வேண்டும். கும்பிட்டுக் கேட்டு எந்தப் பிராணி போயிருக்கிறது?

இந்த இரண்டையும் சமாளித்து அழகி காய்கறி விளைவித்தாள். ரத்தினவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்துக் கோடையில் குளம் வற்றியது. அவள் வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொல்லையில் கொட்டினாள். சுற்றிலும் கல்லடுக்கி, சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து, பாறைமேல் ஒரு தோட்டத்தை உண்டாக்கிவிட்டாள். குளித்த தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் அவரைப் பந்தலுக்கு, முகம் கழுவுகிற தண்ணீர் கறிவேப்பிலைக்கு என்று பாகம் பிரித்திருந்தாள். அந்த வீட்டில் யாரும் நினைத்த இடத்தில் வாய் கொப்பளித்துவிட முடியாது. நாற்றுப் பாத்திமேல் இலந்தை முள் பரப்பியிருப்பாள். கொல்லையின் கடைசி மூலையில் ஒரு கைப்பிடி கம்பு விதைத்து, அதை மயிலுக்கென்று விட்டிருந்தாள். தனக்கென்று ஒரு பங்கு இருந்தால் மயிலும் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறது.

தெருப் பெண்களுக்கு அவள் கைமேல் நம்பிக்கை. வைகாசியில் யார் வீட்டுப் பாத்தியிலும் முதல் விதையை அழகிதான் ஊன்ற வேண்டும். அவள் தொட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்று புகழ்வார்கள். புகழ்ந்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால், "பாவம், ஊருக்கெல்லாம் வெளையுது, அவ வயித்துல ஒண்ணு வெளையக் காணோம்" என்றும் சொல்வார்கள். இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். ஆண்டவன் மனுஷருக்கு வாய் ஒன்றைக் கொடுத்ததே போதும் என்று எனக்குப் பல சமயம் தோன்றியிருக்கிறது.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் அழகிக்குக் குழந்தை இல்லை. அந்தக் கொல்லையில் காய்க்காதது இன்னொன்றும் இருந்தது. அது ஒரு மாதுளை.

ரத்தினவேலின் தாய்மாமன் சேவுகனுக்கு ஊர் கொடும்பாளூர். அவர் கல்யாணச் சீரோடு தம் வீட்டு மாதுளையிலிருந்து ஒரு கன்றையும் கொண்டுவந்திருந்தார். பாறையில் வேர் இறங்காது என்பதால், வாய் உடைந்த பெரிய மண்சால் ஒன்றில் மண் நிரப்பி அதில் வைத்தார்கள். கன்று வளர்ந்து ஆள் உயரமாயிற்று. வருஷா வருஷம் சிவப்புச் சிவப்பாகப் பூக்கும், பூத்த பூவெல்லாம் உதிரும். அழகி மீன் கழுவிய தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். மண்ணை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

சேவுகன் வரும்போதெல்லாம் நேராகக் கொல்லைக்குப் போவார். "எங்க வீட்டுல இதே மரம் கெளை ஒடியக் காய்க்குது. இங்க என்ன வந்துச்சு?" என்பார். அவருடைய அக்கா, அதாவது ரத்தினவேலின் தாய் பிச்சையம்மாள், அதைக் கேட்டு மருமகளைப் பார்ப்பாள்.

பிச்சையம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளை ஒரு நாளும் கைநீட்டி அடித்தவள் இல்லை, சோற்றில் குறை வைத்தவளும் இல்லை. ஆனால் அவளுக்குப் பேரன் வேண்டும். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்திருந்தன. மதுரை ரோட்டில் வருகிற கரி பஸ் விராலிமலையில் நின்றால் லேசில் கிளம்பாது. கிளீனர் அடுப்பைக் கிளறி, காற்றுச் சக்கரத்தைச் சுற்றி, மூச்சுக் கொடுக்க வேண்டும். அதுவரை ஜனங்கள் இறங்கி, ரோட்டோரத்தில் ரத்தினவேல் வைத்திருந்த கடையில் வெற்றிலையும் சுருட்டும் சோடாவும் வாங்குவார்கள். வியாபாரம் ஏறியது. வியாபாரம் ஏற ஏற, இதையெல்லாம் ஆள ஒரு பிள்ளை வேண்டாமா என்ற கவலையும் பிச்சையம்மாளுக்கு ஏறியது.

ஆடி பாதி கழிந்ததும் அவள் மருமகளிடம் சொன்னாள். "அழகி, ஆவணி மொத முகூர்த்தத்துக்குக் கொடும்பாளூர்லேருந்து ஆளுக வாராக. இப்ப விடுற பொடலம் பிஞ்சுல நல்லதாப் பாத்துக் கல்லுக் கட்டி வையி. விருந்துக்கு வேணும்."

புடலங்காய் தன் போக்கில் விட்டால் சுருண்டு கோணிக்கொள்ளும். நுனியில் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராக நீளும். அழகி நல்ல பிஞ்சுகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் அளவான கல் தேடிக் கட்டினாள். புருஷனுடைய தாய்மாமன் வருகிறார், பந்தலைப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாதுளைக்குக் கேட்கிற பேச்சைப் புடலையிலாவது சரிக்கட்டலாமே.

எதற்கு வருகிறார்கள் என்பதை அடுத்த வீட்டு முத்துமாரியம்மாள்தான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

"அழகி, ஒனக்கு மனசு ரொம்பப் பெருசுடி. வேற ஒருத்தியா இருந்தா பந்தலையே அறுத்துப் போட்டிருப்பா."

"எதுக்கு?"

"ஆத்தாடி! ஒனக்குத் தெரியாதா? சேவுகன் மக செவந்திய ஒங்க வீட்டுக்காரருக்குப் பேசுறாக. ஆவணியில பாக்கு வெத்தல மாத்துறாகளாம். கோயில் படியில வச்சுப் பிச்சையக்காதான் சொன்னாக."

அழகி கையில் கட்டாத கல் ஒன்று இருந்தது. அதைக் கட்டி முடித்தாள். பிறகு வாழைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். தன்னை மாற்ற வருகிறவளுக்குத் தானே விருந்துக்குக் காய் நீட்டிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு ஆவூர்ப் பக்கம். அப்பாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறாள். போக இடமில்லை, இருக்க இந்த வீடுதான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த புருஷனிடம் கேட்டாள். "ஏங்க, செவந்தியப் பேசுறாகளாமே, நெசமா?"

ரத்தினவேல் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ஆத்தா என்னமோ பேசுது. பாப்போம்" என்றான்.

அவனுக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வார்த்தைதான். கடனுக்குச் சுருட்டுக் கேட்டாலும் பாப்போம், கூரை ஒழுகினாலும் பாப்போம். அவனுக்கு அழகிமேல் பிரியம் உண்டு. தாய்மேல் பயமும் உண்டு. பிரியத்துக்கும் பயத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பாப்போம் என்பது சௌகரியமாக இருந்தது.

பிச்சையம்மாளும் ஒளிக்கவில்லை. "நீ ஒண்ணும் எங்கிட்டும் போக வேணாம் ஆத்தா. ஒன்னை யாரு போகச் சொன்னா? அவ பிள்ளை குட்டியப் பாத்துக்கிடட்டும், நீபாட்டுக்குத் தோட்டத்தப் பாத்துக்கிட்டு இரு. ஒனக்குத்தான் கை ராசி இருக்கே" என்றாள். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

இனி பிச்சையம்மாளுக்கு இருந்த ஒரே கவலை மாதுளைதான். சம்பந்தம் பேச வருகிற தம்பி முதலில் கொல்லைக்குத்தான் போவான், அந்தக் காயில்லாத மரத்தைப் பார்த்து ஏதாவது சொல்வான், நல்ல காரியம் பேசும்போது அபசகுனமாகிவிடும் என்று பயந்தாள். அதற்கு ஊரில் ஒரு வழி இருந்தது. மரத்தைக் கேட்பது.

காய்க்காத மரத்தை ஆடி அமாவாசையன்று காலையில் கேட்பார்கள். வீட்டு ஆண்பிள்ளை தீட்டிய அரிவாளை ஓங்கிக்கொண்டு, "காய்க்கிறியா, வெட்டட்டுமா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்றாம் தடவை, அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள் ஓடிவந்து கையைப் பிடித்து, "வெட்டாதே, அடுத்த ஆடிக்குள் காய்க்கும், நான் ஜாமீன்" என்று சொல்ல வேண்டும். பிறகு மரப்பட்டையில் லேசாக ஒரு கீறல் போட்டு, அதில் மஞ்சள் பூசிவிடுவார்கள். மரம் பயந்துபோய்க் காய்க்கும் என்பது நம்பிக்கை. ஜாமீனில் இருக்கும் மரத்தை அந்த ஒரு வருஷம் யாரும் குறை சொல்லக் கூடாது. பிச்சையம்மாளுக்கு வேண்டியிருந்தது இதுதான். ஜாமீன் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெட்டியே தீர வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா கையை இறக்கினால் மற்ற மரம் செடியெல்லாம் பயம் விட்டுப்போய், கொல்லை முழுவதும் காய்ப்பை நிறுத்திவிடும். ஆனால் ஜாமீன் இல்லாமல் எந்த மரமும் வெட்டுப்பட்டதாக யாருக்கும் நினைவில்லை.

"நாளன்னைக்கு அமாவாசை. அழகி, நீதான் தண்ணி ஊத்துறவ. நீ வந்து கையப் பிடி" என்றாள் பிச்சையம்மாள்.

"சரிங்கத்தே" என்றாள் அழகி.

அமாவாசையன்று காலையிலேயே சுவருக்கு மேலே தலைகள் தெரிந்தன. மரத்தைக் கேட்பதென்றால் தெருவுக்கு வேடிக்கைதான். முத்துமாரியம்மாள் ஏறி நிற்க உரலைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். ரத்தினவேல் குளித்து, விபூதி பூசி, அரிவாளோடு வந்து நின்றான். சாலில் நிற்கிற ஒரு செடியை மிரட்டுவதற்கு இத்தனை கூட்டமா என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிச்சையம்மாள் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தாள். அழகி தண்ணீர்ச் செம்போடு புடலைப் பந்தல் பக்கம் நின்றாள்.

"காய்க்கிறியா, வெட்டட்டுமா?" என்றான் ரத்தினவேல்.

"கொஞ்சம் சத்தமாத்தான் கேளுங்களேன், மரத்துக்குக் காது கேக்க வேணாமா?" என்றது சுவர்மேல் ஒரு தலை. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் தடவை சத்தமாகக் கேட்டான். மூன்றாம் தடவை கேட்டு அரிவாளை ஓங்கினான். ஓங்கியபடியே நின்றான். அழகி நகரவில்லை.

மறந்துவிட்டாள் என்று நினைத்து, "வா ஆத்தா, வந்து கையப் பிடி" என்றாள் பிச்சையம்மாள்.

"நான் எப்படித்தே ஜாமீன் நிக்கிறது?" என்றாள் அழகி. "எட்டு வருசமாத் தண்ணி ஊத்துறேன். பூக்குது, உதுருது. இதுக்கு மேல காய்க்கும்னு நான் எதை வச்சுச் சொல்ல? வெட்டட்டும். வெட்டிப் போட்டுட்டு வேற நல்ல கன்னா வையுங்க. அதையும் கொடும்பாளூர்லயே கேட்டா குடுக்காமயா போயிருவாக?"

சுவர்மேல் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எந்தக் கன்றைச் சொல்கிறாள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ரத்தினவேலுக்கு வேர்த்தது. ஓங்கிய கையை இறக்கவும் முடியவில்லை, வெட்டவும் முடியவில்லை. 'பாப்போம்' என்று சொல்லித் தப்பிக்க மரத்தைக் கேட்கும் சடங்கில் இடமே இல்லை. "ஆத்தா..." என்றான்.

பிச்சையம்மாள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெட்டினால் அது தம்பி சீராகக் கொடுத்த மரம். அவன் சம்பந்தம் பேச வருகிற நேரத்தில் அவன் வீட்டு மரத்தை வெட்டிச் சாய்த்து வைத்தால் அவன் வாசலோடு திரும்பிவிடுவான். வெட்டாமல் இறக்கினால் கொல்லையே மலடாகும், அவரையும் போச்சு, புடலையும் போச்சு. ரத்தினவேலின் கை வலியில் சற்றே கீழே வந்தது. அவள் மஞ்சள் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதடா! வெட்டாத! மரத்து மேல என்ன குத்தம்? மண்ணு சரியில்லாம இருக்கும். சாலு சின்னதா இருக்கும். எல்லாக் கொறையும் மரத்துதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? பூத்த மரம் காய்க்காமயா போயிரும்? இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பாப்போம். நான் ஜாமீன்!"

'மண்ணு சரியில்லாம இருக்கும்' என்றதும் சுவர்மேல் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரத்தினவேல் தலையைக் குனிந்துகொண்டான். பிச்சையம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

அழகி செம்பைக் கீழே வைத்தாள்.

"அத்தே, நீங்க சொன்னது அத்தனையும் நாயம். நானும் இந்த வீட்டுக்கு அந்த மரத்தோடதான் வந்தேன். மரத்துக்கு நீங்க ஜாமீன் நின்னுட்டீங்க. எனக்கு யாரு நிப்பா?"

கம்பு மூலையை விட்டு மயில் ஒன்று நாற்றுப் பாத்திக்கே வந்துவிட்டது. அதை விரட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. பிச்சையம்மாள் மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"நான் நிக்கிறேன்" என்றான் ரத்தினவேல்.

அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முத்துமாரியம்மாள் சடங்கு சாஸ்திரத்தில் கறாரான ஆள். உரல்மேல் நின்றபடியே, "அதெப்புடி? அருவாளும் ஒன் கையில, ஜாமீனும் நீயா? ஓங்குன கையே தடுக்கவும் செய்யுமாக்கும்? மொதல்ல அருவாளக் கீழ போடப்பா" என்றாள்.

ரத்தினவேல் கையிலிருந்ததை அப்போதுதான் பார்த்தான். வீசிப் போட்டான். அரிவாள் கல்வரப்பைத் தாண்டி வெறும் பாறையில் போய் 'ணங்' என்று விழுந்து, வாய் மடங்கிக் கிடந்தது. அவன் வந்து அழகி பக்கத்தில் நின்றான்.

"நான் ஜாமீன்" என்றான். "ஒரு வருசத்துக்கு இல்ல. எப்பவும்."

அழகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சுவர்மேல் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் சேர்த்து வைத்தது, இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

பிச்சையம்மாள் சிந்திய மஞ்சளை வழித்தெடுத்தாள். அரிவாள் இல்லாததால் நகத்தால் மரப்பட்டையைக் கீறி, மஞ்சளைப் பூசினாள். மிச்சத்தைச் சுவரில் தேய்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அன்றைக்கெல்லாம் அவள் மருமகளோடு பேசவில்லை. அழகி போட்ட சோற்றை மட்டும் சாப்பிட்டாள்.

ஆவணியில் சேவுகன் வந்தார். புடலங்காய்க் கூட்டைப் பாராட்டி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவக் கொல்லைக்குப் போனவர், மாதுளையைப் பார்த்து, "என்னக்கா, இது இன்னமும்..." என்று ஆரம்பித்தார்.

"அது ஜாமீன்ல இருக்குப்பா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றாள் பிச்சையம்மாள்.

"சரி. நம்ம செவந்தி விசயம்?"

பிச்சையம்மாள் பந்தலடியில் காய் அறுத்துக்கொண்டிருந்த மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். மனசுக்குள் அவளுக்கு இன்னும் ஆற்றாமைதான். ஆனால் தெருவே கேட்க அவள் வாயால் சொன்ன நியாயம் அது. அதைத் திரும்ப முழுங்க முடியாது.

"இங்க எடமில்லப்பா. என் மகன் ஜாமீன் நின்னுட்டான். பிள்ளைக்கு வேற நல்ல எடமாப் பாரு" என்றாள்.

சேவுகன் முகம் வாடித்தான் பஸ் ஏறினார். அன்றைக்குப் பார்த்துக் கரி பஸ் கிளம்ப ஒரு நாழிகை ஆயிற்று. ரத்தினவேல் கூடவே நின்று, அவருக்கு ஒரு கட்டுச் சுருட்டும் கொடுத்து அனுப்பினான். தை மாசத்தில் செவந்திக்கு மணப்பாறையில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து எல்லாரும் போனார்கள். பந்திக்கு வாழையிலை முழுவதும் அழகியின் கொல்லையிலிருந்து போயிற்று.

அடுத்த ஆடியும் வந்தது. மாதுளை வழக்கம்போலப் பூத்தது, வழக்கம்போல உதிர்த்தது. அழகிக்கும் ஒன்றுமில்லை. அமாவாசையன்று காலையில் முத்துமாரியம்மாள் ஆசையோடு உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள்.

"என்னக்கா, கெடு முடிஞ்சு போச்சே. மரத்தக் கேக்கலையா?"

பிச்சையம்மாள் பாறைப் பக்கம் கையைக் காட்டினாள். போன வருஷம் விழுந்த இடத்திலேயே அரிவாள் துருவேறிக் கிடந்தது. யாரும் அதைக் கொல்லனிடம் கொண்டுபோகவில்லை.

"கேக்குறதுக்கு அருவா எங்க இருக்கு?" என்றாள்.

அந்தச் சமயம் அழகி செம்பும் கையுமாக மாதுளைக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். பிச்சையம்மாள் கையை நீட்டி, "இங்கிட்டுக் குடு ஆத்தா. இனிமே இதுக்கு நான் ஊத்திக்கிறேன்" என்று செம்பை வாங்கிக்கொண்டாள்.